கணப்படுப்பின் பழஞ்சாந்து

அமெரிக்க நாட்டின் வடகிழக்கே வெர்மாண்ட் என்னும் மாநிலம் உளது. மார்கழி, தைத் திங்களில் ஆங்கு ஏரிகளும் உறைந்து கல்லாகும். அக்குளிரில் பல இல்லங்களைக் காப்பது வார்ப்பிரும்பாலாகிய விறகடுப்பு. சமைப்பதற்கன்றி அறையை வெம்மைப்படுத்தற்கே அமைந்தமையின் அதனைக் கணப்படுப்பு என்னலாம். பெஞ்சமின் பிராங்கிளின் தாம் அமைத்த இரும்புக் கணப்பைப் பற்றி 1744 ஆம் ஆண்டிலேயே ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

இவ்வடுப்பு ஒரே வார்ப்பன்று. ஒரு தகட்டின் விளிம்பு மற்றொன்றன் பள்ளத்திற் பொருந்துமாறு பல தகடுகளைச் சேர்த்து முடுக்கியிருப்பர். பொருத்துவாய்களை அடைப்பது உலைச்சாந்து. சோடியம் சிலிக்கேட்டோடு களிமண் முதலியன கலந்த அச்சாந்து, தீயில் இறுகிச் சுட்ட ஓடுபோலாகும். ஆயின் இரும்பு சூட்டில் விரிந்து, ஆறியபின் சுருங்கும். சாந்தோ அதற்கேற்ப நெகிழாது. ஆண்டு பல செல்ல அது வெடித்து உதிரும்.

புகைபோக்கி நன்கு இழுக்கும்போது அவ்வெடிப்பின் வழியே வெளிக்காற்று உட்புகும். நள்ளிரவில் தணல் மட்டும் கனன்று, இழுப்புத் தளருங்கால், உள்ளிருப்பது வெளியே கசியும். புகையெனின் கண் கரிக்கும். உறங்குவோர் விழித்துச் சாளரத்தைத் திறப்பர். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு எவரையும் எழுப்புவதில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக அந்நச்சுவளியைப் பற்றிக்கொள்ளும். 1902 ஆம் ஆண்டில் பாரிசு நகரில், புகைபோக்கி அடைபட்ட அறையில் உறங்கிய எழுத்தாளர் எமில் சோலா இவ்வளியாலேயே மாண்டார்.

ஆதலின் கோடையிலேயே அடுப்பைப் பிரித்துப் பழஞ்சாந்தை அகற்றுவர். அதன் மேலேயே புதுச்சாந்தைப் பூசிவிடுவாரும் உளர். அடியிலுள்ள துகளோடு அதுவும் பெயர்ந்துவிடும். (சுவரைச் சுரண்டாமலே சுண்ணாம்பு அடிப்போர் இதனை நன்கறிவர்!) பழைய சாந்து சிலவற்றில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் நுண்ணிழை நுரையீரலுட் புகின் பல்லாண்டு கழித்தும் புற்றுநோய் விளைக்கும். அதனைக் கண்ணால் அறியவொண்ணாது. எனவே, ஒரு துணுக்கை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, ஐயம் நீங்கிய பின்னரே கைவைத்தல் வேண்டும். கல்நார் உளதாயின் அது பயின்றோர் செய்யும் பணி.

வார்ப்பிரும்பு வலியதாய்த் தோன்றினும் வளைந்து கொடுக்காது; ஓங்கி அடித்தால் மட்பாண்டம்போற் பிளக்கும். ஒடுங்கிய உளியைப் பள்ளத்தின் போக்கிலே சாய்த்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். நடுவிலுள்ள சாந்து கட்டிகட்டியாய்ப் பெயரும். மூலையில் ஒட்டியதே கையைச் சோதிப்பது. அங்கு அரிசியளவு எஞ்சினும் தகடு முற்றப் பொருந்தாது. பின்னர்க் கம்பித்தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, புதுச்சாந்து இட்டுத் தகடுகளை முடுக்குவர்.

சாந்து உலர்ந்தபின் அறையை இருளாக்கி, விளக்கொன்றை அடுப்பினுள் வைத்துக் கதவைச் சாத்துவர். பொருத்துவாயில் எங்கேனும் ஊசிமுனையளவு ஒளி தோன்றின், அவ்விடம் மீண்டும் சுரண்டப்படும். அன்று தீ மூட்டுவதில்லை.