கதவு தட்டும் சத்தம்

பேய்க் கதை எதில் ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். ''உங்களுக்கு எதுங்க பயம்? ரத்தமா, இருட்டா, சாவா?''

''எல்லாமேதான் சார்'' என்பார்கள். அப்படி இருக்கவே முடியாது. கழுத்தை அறுக்கிற காட்சியை டீ குடித்துக்கொண்டே படிக்கிறவர், கதையில் ஒரு நாய்க்குட்டி செத்துப்போனால் புத்தகத்தை மூடிவிடுவார்.

புதுசாகப் படிப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய 'தி மங்கீஸ் பா'. மூன்று வரம் தரும் குரங்குக் கை. அப்பா 200 பவுண்டு கேட்கிறார். பணம் வருகிறது, வேலை பார்த்த இடத்தில் மெஷினில் சிக்கிச் செத்த மகனுக்கு ஈட்டுத்தொகையாக! அம்மா அழுது அடம்பிடித்து, 'பிள்ளையைத் திருப்பிக் கொடு' என்று அடுத்த வரம் கேட்க வைக்கிறாள். ராத்திரியில் கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பது எப்படி இருக்கிறது என்று ஜேக்கப்ஸ் கடைசிவரை காட்டவே மாட்டார். சின்னக் கதை. மத்தியான வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம்.

இதே சங்கதிதான் ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யிலும் (1983). புதைத்தால் திரும்பி வருகிற இடம். முதலில் பூனை. அப்புறம், லாரியில் அடிபட்ட குழந்தை. ஆனால், இங்கே கதவு திறக்கும். உள்ளேயும் வரும். எல்லை மீறிவிட்டோமோ என்று கிங்கே கொஞ்ச காலம் வெளியிடாமல் தூக்கி வைத்திருந்த நாவல் இது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள், தயவுசெய்து கிங்கை இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். (நான் பி.காம். வாங்கிய தூக்கத்துக்கும் இழந்த தூக்கத்துக்கும் கணக்குப் பார்க்கிற புத்தி போகாது!)

போன மாதம் அக்கா மகள் கேட்டாள். காலேஜில் எல்லோரும் பேய்க் கதை பேசுகிறார்களாம். வாய் வரைக்கும் வந்த ஜேக்கப்ஸை அப்படியே விழுங்கினேன். அவள் அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் தலையைத் திருப்புகிறாள். அந்தக் கதையைக் கொடுத்தால், அவளுக்குப் பயமா வரும்? 'கதவைத் திறங்களேன்' என்றல்லவா தவிப்பாள்!

''அவளுக்கு எதுக்குடா இதெல்லாம்?'' என்றாள் அக்கா. வேண்டாம் என்றால் அவளே எதையாவது தேடிப் படிப்பாள். அதற்கு நான் பார்த்துக் கொடுப்பது மேல்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைக் கொடுத்தேன். வீட்டு வேலைக்கு வந்து சேர்கிற ஒருத்தி. அவள் யார் என்பதுதான் சிக்கல். திரும்பி வரும் பிள்ளையும் இல்லை, அப்பாவும் இல்லை. ''பகல்ல படி. பிடிக்கலைன்னா பாதியில நிறுத்து. கடைசிப் பக்கத்தை முதல்லயே பார்த்தாலும் தப்பில்லை'' என்றேன்.

மறுநாள் காலையில் போன்.

''மாமா, அவ பேயா, இல்லையா?''

''எனக்கும் தெரியாதும்மா. புதுமைப்பித்தன் சொல்லலை.''

''சரி, இன்னொண்ணு குடுங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க.''