பருத்திக் காட்டுக்குப் போன அக்கா தங்கைகள்

'சோரோரிட்டி' என்ற சொல்லைப் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லத்தீனில் 'சோரோர்' என்றால் சகோதரி. அதுதான் பிரெஞ்சில் 'சேர்' ஆயிற்று. வெள்ளை முக்காடு போட்ட கன்னியாஸ்திரிகளை நம் புதுச்சேரியில் 'மாசேர்' என்று கூப்பிட்டோமே, அதே சொல்தான். பிரெஞ்சுக் காசில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பொறித்திருப்பார்கள். அதில் அண்ணன் தம்பிக்கு இடம் உண்டு, அக்கா தங்கைக்கு இல்லை. அந்தக் குறையை அமெரிக்காவின் கல்லூரிப் பெண்கள் தீர்த்து வைத்தார்கள் என்று சொல்லலாம்.

அங்கே கல்லூரி மாணவிகள் சேர்ந்துகொள்ளும் சங்கம்தான் சோரோரிட்டி. கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி நிறம், சேரும்போது ஒரு சடங்கு, பிறகு சந்தா. சினிமாவில் பார்த்தால் விருந்தும் கூத்துமாகவே இருக்கும். ஆனால் கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் ஒரு விசேஷம் உண்டு. பட்டம் வாங்கியதோடு உறவு அறுந்துவிடாது; கிழவியாகும் வரை உறுப்பினர்தான். ஊருக்கு ஊர் கிளை, எல்லாவற்றுக்கும் மேலே தேசியத் தலைவி ஒருவர்.

இவற்றில் முதலாவது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. (ஹார்வர்டு அல்ல, ஹோவர்டு. முன்னாள் அடிமைகளின் பிள்ளைகள் பெருமளவில் படித்த இடம்.) தேசியத் தலைவிக்கு அவர்கள் வைத்த பட்டம் 'சுப்ரீம் பசிலியஸ்'. பசிலியஸ் என்றால் கிரேக்கத்தில் அரசன். பெண்கள் சங்கத்துக்கு ஒரு ராஜா! செயலாளருக்கு 'கிரமத்தேயுஸ்' என்று பெயர். எழுத்தன், அதாவது நம்ம குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1933-இல் அமெரிக்காவில் வேலை தேடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. சுமார் 17 சென்ட் விற்ற ஒரு ராத்தல் பருத்தி 1932-இல் 6 சென்ட் அளவுக்கு இறங்கியது. சங்கத்து உறுப்பினர்களில் பள்ளி ஆசிரியைகள் அதிகம். அப்போது எத்தனையோ ஊர்களில் வாத்தியார்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வரவில்லை. சிகாகோவில் காசுக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இந்த நிலையில் சந்தா எப்படி வரும்?

அந்த நேரத்தில்தான், 1933 முதல் 1936 வரை, ஐடா லூயிஸ் ஜாக்சன் தேசியத் தலைவியாக இருந்தார். மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க்கில் 1902-இல் பிறந்து, கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, பெர்க்லியில் பட்டமும் மேற்பட்டமும் பெற்றவர். அங்கே படிக்கும்போதே சில தோழிகளோடு 1921-இல் சங்கத்தின் கிளையைத் தொடங்கினார். கல்லூரி ஆண்டு மலரில் தங்கள் பக்கத்துக்காக 45 டாலர் கட்டினார்கள். மலர் வந்தது, அவர்கள் பக்கம் வரவில்லை. பிறகு 1926-இல் ஓக்லாந்து அரசுப் பள்ளிகளின் முதல் கறுப்பின ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தார்.

கஷ்ட காலத்தில் ஒரு சங்கத்தை நடத்துவது என்றால் என்ன? அலுவலகத்திலும் சங்கங்களிலும் கணக்குப் பார்த்துப் பழகிய எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். செலவைக் குறை, இருப்பைக் காப்பாற்று, ஆள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள். மூன்றும் நியாயமான காரியங்கள்தான். ஜாக்சன் அம்மையார் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு இதைச் செய்திருந்தாலே நல்ல தலைவி என்று பேர் வாங்கியிருப்பார். அவர் தாம் பிறந்த மிசிசிப்பியின் பருத்திக் காட்டைத் திரும்பிப் பார்த்தார்.

1934 கோடையில், லெக்சிங்டன் என்ற சிற்றூரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியின் இடத்தில், கிராமத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் சங்கத்து ஆசிரியைகள், கூலி கிடையாது. பள்ளி நூலகத்துக்காக 2,600 புத்தகங்களையும் திரட்டினார். ஆனால் அங்கே கண்ணில் பட்டது வேறு. பிள்ளைகள் சீக்காளிகளாக இருந்தார்கள், சாப்பாடு போதவில்லை, பல் சொத்தை, அம்மை குத்தாத உடம்பு. இதுகள் எங்கே படிப்பது? முதலில் உடம்பு, பிறகு படிப்பு என்று அடுத்த கோடைக்குள் திட்டத்தையே மாற்றினார்.

1935-இல் மிசிசிப்பி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பொறுப்பாக வந்தவர் டாக்டர் டோரத்தி போல்டிங் ஃபெரபி. பாஸ்டனில் டஃப்ட்ஸ் மருத்துவப் பள்ளியில் 1924-இல் தேறியவர். வெள்ளையர் மருத்துவமனைகள் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளாததால் வாஷிங்டனுக்கு வந்து கறுப்பர் மருத்துவமனையில் பயின்றவர். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், இரண்டும் சிறிசு. அவரும் ஆசிரியைகளும் நர்சுகளுமாகச் சேர்ந்து சொந்தக் கார்களில் மருந்தையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கறுப்பருக்கு அறை கொடுக்காத ஓட்டல்கள் நிறைந்த சாலைகளில் ஆயிரம் மைல் பயணம்.

ஊர் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பண்ணைகளில் வாரத்துக்குப் பயிரிடுகிறவர்கள். விதையும் அரிசி பருப்பும் (அவர்களுக்குச் சோள மாவும் பன்றிக் கொழுப்பும்) பண்ணைக் கடையில் கடன். அறுவடையில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். தஞ்சாவூர்ப் பண்ணைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டாம். வடக்கிலிருந்து வந்த இந்தப் படித்த பெண்கள் கூலிகளைக் கிளப்பிவிடுவார்கள் என்று முதலாளிகளுக்குச் சந்தேகம். மருத்துவ முகாமுக்கு ஆட்களை அனுப்ப மறுத்தார்கள்.

அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று ஃபெரபி முடிவு செய்தார். கார்களே மருத்துவமனை ஆயின. பண்ணை பண்ணையாகப் போய், மரத்தடியிலும் மாதா கோயில் வாசலிலும் மேசையைப் போட்டு, பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். பல் துலக்குவது எப்படி, என்ன சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். குதிரை மேல் துப்பாக்கியோடு பண்ணைக் கண்காணிகள் பார்த்துக்கொண்டு நின்றதையும் ஃபெரபி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

சுகாதாரத் துறையில் சில வருஷம் தடுப்பூசிப் பதிவேடுகளைக் கட்டி மேய்த்தவன் நான். அம்மை குத்தப் போகிறவர் ஊருக்குள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் தாய்மார்களைப் பற்றிய குறிப்புகள் அவற்றில் நிறைய இருக்கும். நம் பக்கத்தில் அரசாங்க முத்திரையும் சட்டமும் இருந்தும் அந்தப் பாடு. முத்திரையும் இல்லாமல், நிறத்தாலேயே இளப்பமாகப் பார்க்கப்பட்டவர்கள், விடுமுறையைத் தொலைத்துவிட்டு வந்து இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபட நேரமாயிற்று. ஒவ்வொரு கோடை முடிந்ததும் என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று அறிக்கை எழுதி வைத்தார்கள். குமாஸ்தா புத்திக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

இதையெல்லாம் நான் இப்போது ஏன் தேடிப் படித்தேன் என்று கேட்பீர்கள். நம் ஓய்வூதியர் சங்கத்தில் நடக்கும் வாக்குவாதம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம், சந்தா குறைந்துவிட்டது. வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்தை இந்த வருஷம் நிறுத்தி, அந்தப் பணத்தை இருப்பில் போட வேண்டும் என்கிறார் பொருளாளர். அவர் சொல்வதில் தப்பில்லை. இருப்பு ஐந்து இலக்கத்திலிருந்து நான்குக்கு வரப்போகிறது. ஆனால் நோட்டும் போய்விட்டால் நாம் கூடுவது காப்பிக்கும் இரங்கல் தீர்மானத்துக்கும் மட்டும்தானே என்று நான் கேட்டேன். இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதம் பொதுக்குழுவில் கை தூக்கும்போது நான் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அதற்காக மிசிசிப்பியில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வருஷத்தில் சில வாரம் மருந்து, மீதி நாளெல்லாம் அதே கடன், அதே பண்ணைக் கடை. தடுப்பூசி நோயைத் தடுக்கும், முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் தொடாது. அவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 1938-இல் நார்மா பாய்டு என்ற ஆசிரியை, 1908-லேயே சங்கத்தில் சேர்ந்த மூத்தவர், வாஷிங்டனில் சட்டம் இயற்றும் இடத்திலேயே கறுப்பருக்காக வாதாட ஓர் அமைப்பைச் சங்கத்தின் சார்பில் தொடங்கினார். ஊசியும் மனுவும் ஒரே கையிலிருந்து போயின. 1939-இல் ஃபெரபியே தேசியத் தலைவியானார். கோடைப் பயணம் அப்போதும் நிற்கவில்லை. பொலிவர் கவுண்டி வரைக்கும் கார்கள் போய் வந்தன.

மந்தம் முடியும் வரை தாக்குப் பிடித்த அந்தத் திட்டம் கடைசியில் நின்றது பணமில்லாமல் அல்ல. அமெரிக்கா போரில் இறங்கியது. 1942-இல் டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. கார்களை வெளியே எடுக்க முடியவில்லை.