கொழுந்து மலையில் ஒரு கணினிப் பாடம்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகைவண்டி நாவலப்பிட்டியைக் கடந்ததும் வேகம் தணிந்து, வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. வட்டவளையை அண்மியதும் சாளரத்தின் வழியே குளிர்காற்று புகுகிறது. இருமருங்கும் தேயிலை பச்சைக் கம்பளம் விரிக்கிறது. 1884ஆம் ஆண்டில் ஹட்டனை எட்டிய இந்த இருப்புப் பாதையில், 2024ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையொன்றில் நாம் பயணஞ் செய்தோம். எமது கைப்பையில் ஐந்தேகால் அங்குல நீளமுள்ள ஒரு சிறு துண்டு இருந்தது. அது கணினிக்குரிய நினைவகம்; பேச்சு வழக்கில் 'ரேம்'.

டிக்கோயாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் எம் தமக்கையார் கொழுந்து பறிக்கிறார். அவர் மகன் உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் கற்கிறான். அவனிடமுள்ளது ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட மேசைக் கணினி. அதில் இருந்த நினைவகமோ 2 ஜி.பி. மட்டுமே. "மாமா, இதைத் திறந்து வைத்துவிட்டு அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்துவிடலாம்" என்று முன்னர் ஒருமுறை சிரித்துக்கொண்டே கூறினான். பரீட்சைக்கு முன் செயற்றிட்டத்தை முடிக்க வேண்டிய பிள்ளையின் சிரிப்பிலே கவலையும் கலந்திருந்ததை நாம் உணர்ந்தோம். 2021இல் தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருமானத்தில் புதிய கணினி வாங்குவது எங்ஙனம்? பழையதற்கே வலுவூட்டுவோம் என்று துணிந்தோம்.

லயத்து அறையில் கணினியின் மூடியைக் கழற்றித் துண்டைச் செருகினோம், அது இறங்கவில்லை. நீளம் ஒன்றே, தொடுமுனைகளும் இரண்டிலும் 240 தான். ஆயினும் அடிப்பக்கத்து வெட்டு நூலளவு விலகி நின்றது. நாம் கொண்டு சென்றது டி.டி.ஆர். 2, தாய்ப்பலகை கேட்டதோ டி.டி.ஆர். 3. பழைய கணினிக்குப் பழைய நினைவகமே பொருந்துமென்று எண்ணியது எமது தவறு. அந்த வெட்டு வீணாக வைக்கப்பட்டதன்று. முன்னது 1.8 வோல்ற்றிலும் பின்னது 1.5 வோல்ற்றிலும் இயங்குவது. மாறிச் செருகிக் கெடாதிருக்க அதுவே காவல்.

மருமகனின் முகம் வாடியது. தமக்கையார் மட்டும் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, மலையிலே வெற்றிடம் விழுந்தால் கையில் கிடைத்த கன்றையா நடுகிறோம்? அந்த மலைக்கு ஒத்த கன்றைத்தானே நடுகிறோம்?" 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நிலத்தின் உயரமும் தன்மையும் பார்த்தே கன்று வகைகளை விதந்துரைக்கிறது. எழுத்தறிவு குறைந்த எம் தமக்கையார் உரைத்ததும் அதே விதிதான்.

மறுநாள் பஸ் ஏறி ஹட்டன் நகருக்குச் சென்றோம். அங்கே கணினி திருத்தும் இளைஞர் ஒருவர் சரக்கை எடுத்து வைக்கு முன் மூன்று வினாக்களைக் கேட்டார். தாய்ப்பலகையின் பெயர் என்ன? செருகுவாய்கள் எத்தனை, அவற்றில் இருப்பது என்ன? பணிசெயல் முறைமை 32 பிற்றா, 64 பிற்றா?

மருமகன் பலகையில் அச்சிட்டிருந்த பெயரை எழுதி வந்திருந்தான். இன்டெல் எச்61 வகை, செருகுவாய் இரண்டு, உச்ச அளவு 16 ஜி.பி. இருந்த துண்டின் வேகம் 1333. "1600 போட்டாலும் ஓடும் ஐயா, ஆனால் 1333 வேகத்தில்தான் ஓடும். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்" என்றார் இளைஞர். மடிக்கணினித் துண்டு நீளத்திற் குறைந்தது, டி.டி.ஆர். 4க்குத் தொடுமுனை 288. பெரிய சேவையகங்களிலிருந்து கழித்த மலிவான துண்டுகள் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் இயங்கா. இவற்றையெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார். ஈற்றில் 4 ஜி.பி. துண்டொன்றைத் தெரிந்தோம், பழையதுடன் சேர்ந்து 6.

மின்னிணைப்பைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின், மருமகனே துண்டைச் செருகினான். இரு முனைகளிலும் கொளுவிகள் 'டக்' என்று பூட்டின. கணினி 6 ஜி.பி. என்று காட்டியது, எனினும் பயன்படக் கூடியது நாலுக்கும் குறைவென்றது. இளைஞர் முன்னரே எச்சரித்திருந்தார்: 32 பிற்று முறைமை அதற்கு மேல் ஆளாது. பாடக் குறிப்புகளை வேறிடத்திற் சேமித்துவிட்டு, 64 பிற்று முறைமையை நிறுவினோம். அதன்பின் நினைவகச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டோம்.

அவ்விரவு வெறுந்தேநீர் அருந்தியவாறு மருமகனுக்கு ஒரு வரலாறு கூறினோம். உலகிலே வர்த்தகக் கணக்கை முதன்முதலில் வழமையாகச் செய்த கணினி 'லியோ'. 1951இல் அதனை அமைத்தது இலண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பனி! எம் லயத்துக்கும் அந்த லயன்ஸுக்கும் பெயரொலியைத் தவிர வேறு உறவில்லை. தேயிலை உறவு மட்டும் உண்டு. 64 பாதரசக் குழாய்களில் அது கொண்டிருந்த நினைவகம் இன்றைய புகைப்படம் ஒன்றுக்கும் போதாது. "அதைக்கொண்டே அவர்கள் தேநீர்க் கடைக் கணக்குப் பார்த்தார்களா?" என்று வியந்தான் பையன். தமக்கையார், "தேயிலை பறித்தவர் வீட்டுக்கு அது வந்து சேர இத்தனை காலம்" என்றார். நாம் பதிலுரைக்கவில்லை.

விடியற்காலையில் சோதனை பிழையின்றி முடிந்திருந்தது. தமக்கையார் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட, மகன் செயற்றிட்டத்தைத் திறந்தான். அவர் வாசலைத் தாண்டுமுன் அது திறந்துவிட்டது.

பொருந்தாத அந்தத் துண்டு இன்றும் எம் மேசையில் இருக்கிறது. பழைய கணினிக்கு நினைவகம் வாங்கப் புறப்படும் அன்பர்கள் முதலில் மூடியைத் திறந்து, அந்த மூன்று வினாக்களுக்கும் விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வார்களாக. கடைக்குப் போவது அதன் பின்னர் ஆகட்டும்.