கோழிக்கும் சளி பிடிக்கும்

மக்கா, இன்னிக்குப் பதிவு கோழியைப் பத்தி. பிரியாணி இல்லை, உயிரோட இருக்குற கோழி :-)

எங்க அப்பத்தா மானாமதுரைப் பக்கம் கிராமத்துல பதினஞ்சு நாட்டுக்கோழி வச்சிருக்கு. நான் அனுப்புற பணம் அப்பா கைக்குப் போயிடும். முட்டைக் காசு மட்டும் நேரா அப்பத்தா சுருக்குப்பைக்குப் போகும். "இது என் காசுய்யா, யாருகிட்டயும் கை நீட்ட வேணாம்ல" என்று பெருமையாகச் சொல்லும். அதனால கோழிக்குச் சீக்கு என்றால் எங்க வீட்டில் அது சின்ன விஷயம் கிடையாது. மூணு நாளில் பஞ்சாரம் காலியானதை நான் பார்த்திருக்கேன். தெருவே காலியானதையும்.

ஊர்ல இதுக்கு வெள்ளைக்கழிச்சல் என்று பேர். டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். இந்தியாவில் 1920களின் கடைசியில் இமயமலைப் பகுதி ராணிக்கெட்டில் கண்டுபிடித்ததால் அந்தப் பேர். அதே நோய்தான் இங்கிலாந்தில் நியூகாசில். கழிச்சல் என்று பேர் இருந்தாலும் பல நேரம் மூச்சில்தான் முதலில் தெரியும். வாயைத் திறந்து கழுத்தை நீட்டி இழுக்கும், அப்புறம் பச்சையாக் கழியும், கழுத்து திருகிக்கும். வைரஸ் என்பதால் மருந்து கிடையாது. கடையில் வாங்கிக் கரைச்சு ஊத்துற ஆன்டிபயாடிக் பொடி இதுக்கு ஒண்ணும் பண்ணாது.

அந்தப் பொடி கேட்குற சளி வேற. மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கிருமி. கண்ணோரத்தில் நுரை, மூக்கு ஒழுகல், கரகர சத்தம். கோழி சாகாது, ஆனா முட்டை குறையும். மருந்துக்கு அடங்கும், உடம்பை விட்டு முழுசாப் போகாது, முட்டை வழியாக் குஞ்சுக்கும் போகும். இன்னொண்ணு கொரைசா. முகம் வீங்கி நாத்தம் அடிக்கும். இதிலும் தேறின கோழி நோயைச் சுமந்துக்கிட்டே திரியும். நம்ம பாஷையில் சொன்னா, ஆன்டிவைரஸ் "க்ளீன்"னு சொன்ன அப்புறமும் உள்ள உட்கார்ந்திருக்கும்.

சளியைக் கண்டுபிடிக்க அப்பத்தாவோட டெக்னிக் எந்த லேபுக்கும் குறைஞ்சதில்லை. ராத்திரி கோழியெல்லாம் அடைஞ்ச பிறகு, விளக்கு போடாம, கூட்டுப் பக்கத்தில் போய்ச் சும்மா நிக்கும். பகல்ல கேக்குற கொக்கரிப்பும் கிளறலும் அப்ப இருக்காது. எதாவது ஒண்ணு "கர்ர்... ச்சிக்"னு இழுத்தா தனியாக் கேட்கும். காலையில் அதைப் பிடிச்சுத் தனிப் பஞ்சாரத்தில் கவுத்துடும். மத்ததுக்கெல்லாம் இரை போட்டுட்டுக் கடைசியாத்தான் இதுக்கிட்ட போகும். பயோசெக்யூரிட்டி புத்தகத்தில் அப்படியே இருக்கு. அப்பத்தா புத்தகம் படிச்சதில்லை.

ராணிக்கெட்டுக்கு ஒரே வழி தடுப்பூசி. முதல் வாரத்துல குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்துக்கு மேல இறக்கைக்குக் கீழ ஊசி. பிரச்சினை எங்க தெரியுமா? பாட்டில் ஒண்ணு நூறு கோழிக்கு வரும். குளிர்ச்சியிலேயே வச்சிருக்கணும், கரைச்ச பிறகு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். பதினஞ்சு கோழிக்கு எவன் பாட்டில் உடைப்பான்? தெரு சேர்ந்தாத்தான் உண்டு. வருஷத்துல ஒருக்கா பிப்ரவரி வாக்கில் கால்நடைத்துறை போடுற முகாம் அதுக்குத்தான் நல்லது. நாங்க ஏழு வீடு சேர்ந்து, விடியக்காலை கூட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே போட்டோம். திறந்து விட்டா நாட்டுக்கோழியை யார் பிடிக்கிறது?

ஊசியை விடக் கஷ்டம் மனுஷங்கதான். எங்க கோழி அடுத்த வீட்டுக் குப்பையில் கிளறும், அவங்க கோழி எங்க தண்ணியக் குடிக்கும். வேலிக்கு அர்த்தமே இல்லை. வியாபாரி டிவிஎஸ் 50-ல கூடையைக் கட்டிக்கிட்டு நாலு ஊர் சுத்தி வர்றார், அவர் செருப்புலயே ஒட்டிக்கிட்டு வரும். ஒரு கோழி தூங்கி வழிஞ்சா உடனே சந்தைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க, இல்லைன்னா அறுத்துட்டுக் குடலையும் றெக்கையையும் தெருவில் போடுவாங்க. நஷ்டத்துல பாதியாவது தேத்தலாம்னு கணக்கு. அந்தக் கணக்குதான் அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டு போகுது. பறவைக் காய்ச்சலும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும் (2006-ல மகாராஷ்டிரா நவாப்பூர்ல வந்தது நினைவிருக்கா?). லேப்ல பார்த்தாத்தான் எதுன்னு தெரியும். நாலஞ்சு சேர்ந்து செத்தா டாக்டருக்குச் சொல்லிட்டு, கையில கவர் மாட்டிக்கிட்டு, ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்.

போன மாசம் அத்தை ஊர்ல இருந்து ஆசையா ஒரு சேவல் கொண்டு வந்தாங்க. புதுக்கோழியை மூணு வாரம் தனியா வைக்கணும்னு நான் மெதுவா ஆரம்பிச்சேன். "என்னடா, என் வீட்டுச் சேவலுக்கு என்ன சீக்கு?"ன்னு அத்தை முகம் சுருங்கிடுச்சு. நான் முழிச்சேன். அப்பத்தாதான் காப்பாத்துச்சு. "புதுப் பொண்ணு மாதிரிடீ, கொஞ்ச நாளு தனியா இருந்து வீட்டைப் பழகட்டும்"னுச்சு. அத்தை சிரிச்சுட்டாங்க.

சேவல் கொல்லைக் கோடியில், புளியமரத்தடிப் பஞ்சாரத்தில் இருக்கு. தண்ணிக்குத் தனிச் சட்டி. ராணிக்கெட் இருந்தா மூணு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும், மைக்கோபிளாஸ்மான்னா தெரியாமலும் போகலாம். இன்னிக்குப் பதினாலாவது நாள். நேத்து போன்ல கேட்டேன். "ராத்திரி போய் நின்னேன்யா, ஒரு சத்தமும் இல்லை. ஆனா விடியக்காலை மூணு மணிக்குக் கூவித் தொலையுது"ன்னுச்சு.