தை மாதத்து இறாக்கைகள்

நத்தார் நெருங்கினால் ரொறன்ரோவின் கடை வாசல்களில் பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து நிற்கும். வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வருபவர்கள் ரின்மீனோ பாஸ்தா பக்கற்றோ ஒன்றை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகச் சேர்ப்பார்கள். கோயில்களிலும் தேவாலயங்களிலும் சேர்ப்பார்கள். அந்த நாட்களில் உணவு வங்கிக்குத் தொண்டு செய்யப் போனால் நிற்க இடமிருக்காது. காலாவதித் தேதி பார்த்து, நசுங்கிய ரின்களை ஒதுக்கி, வகை பிரித்து இறாக்கைகளில் அடுக்கவே பொழுது போய்விடும். முன்பின் தெரியாத ஒருவருடைய இரவுச் சாப்பாட்டுக்காக இத்தனை பேர் மெனக்கெடுகிற ஊர் நல்ல ஊர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தை பிறந்ததும் வரத்து குறைந்துவிடும். உணவு வங்கிக்குச் சாமான் வாங்க வருகிறவர்களின் வரிசை குறையாது. பண்டிகைக்காலத் தற்காலிக வேலை முடிந்து வீட்டில் இருப்பவர்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள்.

கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்ரனில் தொடங்கியது. ரொறன்ரோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983இல் வந்தது. பொருளாதார மந்தம் தீரும்வரைக்குமான ஏற்பாடு என்றுதான் அப்போது எண்ணினார்கள். நாற்பது ஆண்டு கடந்து, 2024 மார்ச்சில் மட்டும் நாடு முழுவதும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் மக்கள் உணவு வங்கிகளை நாடியிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்காக. ஏற்றமோ இறக்கமோ இல்லாத சாதாரண மாதம் என்பதால்தான் ஆண்டுதோறும் மார்ச்சில் இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். வேலை உள்ளவர்களும் வருகிறார்கள். வாடகை கட்டியபின் மிஞ்சுவது சாப்பாட்டுக்குக் காணாது.

உலர் உணவு நிவாரணத்துக்காக வன்னியிலும் முகாம்களிலும் வரிசையில் நின்றவர்கள் தமிழர்களான எங்களுக்குள் பலர். கொடுப்பவரின் முகம் கோணினால் வாங்குபவருக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்காபரோவில் யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் மாணவனும், புதிதாக வந்திறங்கிய குடும்பமும் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று உணவு வங்கிக்குப் போகவே தயங்குகிறார்கள். இப்போது பல உணவு வங்கிகள் கடைபோல நடக்கின்றன. வருகிறவர் தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கலாம். மரியாதையான ஏற்பாடு அது. நாங்கள் கொடுப்பதிலும் அந்த மரியாதை வேண்டும். வீட்டில் யாரும் தொடாத ரின்னை ஒதுக்கித் தள்ளுவது ஈகையல்ல. அரிசி, பருப்பு, கடலை, குழந்தைப் பால்மா என்று நாங்கள் சமைக்கிறதையும் குடிக்கிறதையும் கொடுக்க வேண்டும். காசாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. மொத்த விலைக்கு வாங்கவும், பெட்டியில் போட முடியாத பாலும் முட்டையும் மரக்கறியும் சேர்க்கவும் உணவு வங்கிகளால் முடியும்.

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. உணவு வங்கிகளுக்கு வரத்துக் குறைகிற மாதமும் அதுதான். பொங்கலுக்கு மண்டபம் எடுத்து விழா நடத்தும் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் அந்தச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். வீடுகளில் இருப்பவர்கள் மாதம் பத்து டொலரோ இருபது டொலரோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஒழுங்கு செய்துவிடுங்கள். மார்ச்சிலும் அது போகும். பள்ளிக்கூடச் சிற்றுண்டி கிடைக்காத ஜூலையிலும் போகும்.