கதீஜா நாயகியின் வயதும் நம் ஊர் வாயும்



விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எனப் பரந்த நம் பட்டாசு வட்டாரத்தில், பெண்கள் இளம் வயதிலேயே கணவனை இழப்பது அரிதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நிவாரணத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம். எஞ்சி நிற்கும் பெண்ணின் மீதி வாழ்நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

நாம் அறிந்த சகோதரி ஒருவர் இவ்வாறு தனித்து நின்று, கூலி வேலை செய்து தம் இரு பிள்ளைகளை வளர்த்தார். வயது 39. அச்சகத்தில் பணிபுரியும் 30 வயது இளைஞர் அவரை விரும்பினார், அவருக்கும் சம்மதமே. இருவரும் மறைவில் பழகவில்லை. இளைஞர் பெரியவர்கள் வழியாக முறைப்படி பெண் கேட்டனுப்பினார். "தம்பி வயதுப் பையனையா?" என்று ஊர் சிரித்தது. பேச்சு அத்துடன் நின்றது.

மீலாது மேடைகளில் அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் புகழ்வதும் இதே ஊர்தான். அன்னையாருக்கு 40, அண்ணலாருக்கு 25 என்பதே பரவலாக அறியப்பட்ட செய்தி. வயதைக் குறைத்துச் சொல்லும் அறிவிப்புகள் சிலவற்றிலும் அன்னையாரே மூத்தவர். அவர் முன்பே மணமாகிக் கணவரை இழந்தவர், பிள்ளைகளும் உடையவர். நஃபீசா என்னும் தோழி வழியாக விருப்பத்தைத் தெரிவித்ததும் அவர் தரப்பே. ஹிரா குகையிலிருந்து நடுங்கி வந்த நபிகளாரைப் போர்த்தித் தேற்றிய கரங்கள் அவருடையவை. ஏறத்தாழ 25 ஆண்டுகள்; அவர் வாழ்ந்தவரை நபிகளார் வேறு மணம் புரியவில்லை.

பேரப்பிள்ளை கிடைக்குமோ என்று அஞ்சும் தாயின் கவலையை நாம் எள்ளவில்லை. அதை மகனுடன் அமர்ந்து பேசலாம். ஊர்ச்சிரிப்புக்கு அஞ்சி முடிவெடுக்க வேண்டியதில்லை. இத்தா நான்கு மாதம் பத்து நாள் என்று இறைவன் வரையறுத்தான் (2:234). துணையற்றோருக்கு மணமுடித்து வைக்கும் பொறுப்பைச் சமுதாயத்திடம் ஒப்படைத்தான் (24:32). ஆகுமான வாசலை நாமே அடைத்துவிட்டு, பின்னர் எவரேனும் மறைவான வழியில் சென்றால் பழிதூற்றுவது நீதியாகுமா?

இத்தகைய சம்பந்தம் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது மார்க்கப்பற்றைக் கேட்போம், குணத்தைக் கேட்போம், மஹரையும் முந்தைய பிள்ளைகளின் பராமரிப்பையும் தெளிவாகப் பேசுவோம். பிறந்த ஆண்டைக் கடைசியில் கேட்போம்.

தனித்து நிற்கும் நம் சகோதரிகளுக்கு அல்லாஹ் நல்ல துணையையும், நமக்கு நாவடக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.