ரெண்டு மார்க்கு

 

மே மாத விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். நாமக்கல் வெயிலில் வெளியே தலை காட்ட முடியவில்லை. "பாட்டி, ஒரு படம் பாக்கலாம் வா" என்று லேப்டாப்பைத் திறந்தாள். படத்தின் பெயர் 'ஸ்டிக் இட்'. 2006-இல் வந்த ஆங்கிலப் படம். எழுதி இயக்கியவர் ஜெசிகா பெண்டிங்கர் என்ற பெண்மணி. ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிய கதை. கரணம் போடுவதைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று சலிப்போடுதான் உட்கார்ந்தேன்.

ஹேலி என்ற பதினேழு வயதுப் பெண், உலகப் போட்டியின் நடுவிலேயே வெளியேறி வந்தவள். சைக்கிள் சாகசத்தில் ஒரு கட்டடத்தைச் சேதப்படுத்தி மாட்டிக்கொள்கிறாள். நீதிமன்றம் அவளை மறுபடியும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கூடத்துக்கே அனுப்பி வைக்கிறது. பயிற்சியாளராக ஜெஃப் பிரிட்ஜஸ். அவருக்கு அவள் கொடுக்கும் பதில்களைக் கேட்டதும் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும்!

கடைசியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பெண் ஓடிவந்து, வால்ட் மேசையில் கையூன்றிப் பறந்து, பிசகாமல் வந்து நிற்கிறாள். ஆனாலும் மதிப்பெண் குறைகிறது. உள்ளாடைப் பட்டை தோளில் தெரிந்ததாம்! அடுத்து வரும் ஹேலி தன் பட்டையை வேண்டுமென்றே வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, ஆடாமலே விலகுகிறாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக விலகுகிறார்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்கிறார்கள்.

பேத்தி கைதட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளி விளையாட்டு விழாவில் உடற்பயிற்சிப் போட்டி. மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வில்லாகப் பின்னால் வளைந்து எழுந்தாள். பிறகு பக்கவாட்டில் ஆறு கரணம், ஒரே மூச்சில். அப்பா அம்மா இருவரும் தறி ஓட்டுகிறவர்கள். உடுத்தியிருந்தது அக்காவின் பழைய சீருடை. தோள் தையல் விட்டு சிம்மீஸ் பட்டை தெரிந்தது. 'ஒழுங்கு' என்ற கட்டத்தில் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். ஒரு மதிப்பெண்ணில் முதல் பரிசு அவள் கைவிட்டுப் போனது.

போன தை மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ரெண்டு மார்க்கு கொறச்சீங்க டீச்சர். அந்த வருசத்தோட ஆட்டத்தை உட்டுட்டனுங்க." "அப்ப விதி அப்படி, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

மதிப்பெண் குறைப்பதே தப்பா என்றால், இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் திரிபுராப் பெண் தீபா கர்மாகர், உயிருக்கே ஆபத்தான புரோடுனோவா தாவலைச் செய்தார். தரையிறங்கும்போது ஏறக்குறைய உட்கார்ந்தேவிட்டார். நான்காம் இடம். வெண்கலம் தவறியது 0.15 புள்ளியில். மனசு வலித்தது. ஆனாலும் அங்கே குறைத்தது ஆட்டத்தில் இருந்த பிசகுக்கு. அடுத்த மாதம் அதே ரியோவில், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில், நம் சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். குறுக்குக் கம்பு யாருடைய சட்டையையும் பார்ப்பதில்லை. தாண்டினாயா என்று மட்டும்தான் கேட்கும்.

நான் கரணத்தைப் பார்க்காமல் தையலைப் பார்த்தேன். அந்தத் தையலை ஒரு ஊக்கு மாட்டிச் சரிசெய்திருக்கலாம். என் புடவையிலேயே இரண்டு ஊக்கு இருந்தது.

கண்ணு, உன் மகள் இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். விதியின்மேல் பழிபோட்டது தப்பு. குறைத்தது நான்தான். மன்னித்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், நேரிலும் சொல்ல வேண்டும்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பேனாவை எடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்: குறைப்பது பிள்ளையின் திறமைக்கா, அவள் வீட்டு வறுமைக்கா?

அன்புடன்,
உங்கள் டீச்சர்